ஒன்பது வீட்டுத் தண்ணீர்

எலக்ட்ரீசியன் கையில் டெஸ்டர் இல்லாமல் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. காலை ஏழு மணி. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, என் பொண்டாட்டி குழந்தைக்கு விஷம் வெக்கல,” என்றான்.

மேசையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். ரிப்போர்ட் அக்கா என்றால்தான் அவரைத் தெரியும். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் அக்கம்பக்கத்தார் தங்கள் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் அர்த்தம் கேட்க வந்தார்கள். அப்புறம் காணாமல் போன சங்கிலி, மொட்டைக் கடிதம் என்று மற்ற தொல்லைகளையும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

“உள்ள வந்து உட்காருப்பா. வெக்கலன்னு சொல்றியே, வெச்சான்னு சொன்னது யாரு?”

“எங்க அம்மா. என் தம்பி. இப்போ தெருவே சொல்லுது.”

சமையலறையிலிருந்து தேநீர்த் தட்டோடு எட்டிப் பார்த்தார் அக்காவின் கொழுந்தனார். நாற்பத்தைந்து வயது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்து, எல்லார் கையிலும் கேமரா போன் வந்தபின் அதை மூடியவர். அண்ணியின் விசாரணைகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதும், குற்றவாளியை முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவதும் இப்போது அவர் வேலை. அந்தக் குற்றவாளி ஒரு தடவைகூட சரியான ஆளாக இருந்ததில்லை என்பதால் அவருக்கு ‘அவசரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எலக்ட்ரீசியன் சொன்னது இது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் தாயோடு இருக்கிறார்கள். அவனுக்கும் மனைவிக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. பஸ் ஓட்டும் தம்பிக்கு நான்கு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. சின்ன மருமகள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு மாவுப்பால்தான். பகல் முழுக்கக் கலந்து கொடுப்பது பெரிய மருமகள்.

“ரெண்டு மாசமா பாப்பாவுக்கு உதடும் நகமும் நீலமாகுது, அக்கா. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா ரெண்டு நாள்ல ரோஜாப்பூ மாதிரி ஆயிடுறா. வீட்டுக்கு வந்து பத்து நாள்ல மறுபடி நீலம். இது மூணாவது தடவை. ரத்தத்தைக் கெடுக்கிற ஏதோ ஒரு உப்பு உள்ள போகுதுன்னு டாக்டர் சொல்றார். குடிக்கிற தண்ணில இருந்தாலும் இப்படி வருமாம். ஆனா எங்க தண்ணிய ஆபீஸ்காரங்க டெஸ்ட் பண்ணி, சுத்தம்னு பேப்பரே குடுத்திருக்காங்க.”

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினான். அக்கா அதை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவையும், கீழிருந்து மேலாக ஒரு தடவையும் படித்தார்.

“தண்ணி சுத்தம்னா வீட்ல யாரோதான் குடுத்திருக்கணும்னு ஆயிடுச்சு,” என்றான் அவன். “நேத்து என் தம்பி அவ பெட்டியைக் கொட்டிப் பார்த்தான். அடியில ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடி. என்னடின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பாப்பாவை வீட்டுக்கு அனுப்புறாங்க. அதுக்குள்ள அவ வீட்டை விட்டுப் போகலைன்னா போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்னு சொல்லிட்டான்.”

“வெள்ளைப் பொடி!” என்றார் அவசரம், தட்டை வைத்துவிட்டு. “அண்ணி, இதுல என்ன விசாரணை வேண்டிக் கிடக்கு?”

“வெளுத்ததெல்லாம் பால்னு குடிச்சிடுவீங்க நீங்க. ஸ்கூட்டரை எடுங்க,” என்றார் அக்கா.

மருத்துவமனையில் குழந்தைகள் வார்டின் நர்ஸ், ரிப்போர்ட் அக்காவுக்குப் பழைய பழக்கம். “ரத்தம் எடுத்தப்போ எனக்கே பக்குன்னு ஆயிடுச்சு, அக்கா. சிவப்பே இல்ல. சாக்லேட்டைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. நீல மருந்து ஊசி போட்டோம், ஒரு மணி நேரத்துல கலர் திரும்பிடுச்சு. ஆனா பெரிய டாக்டர் சொல்லிட்டார், நாலாவது தடவை வந்தா கையில நிக்காதுன்னு.”

குழந்தை தொட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தது. சின்ன மருமகள் அதன் சுட்டுவிரலைப் பிடித்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கிறேம்மா. நீ லீவுல இருக்கிற நாள்ல பால் கலக்கிறது யாரு?”

“நான்தான். நான் கலக்குற நாள்ல பாப்பா நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் மந்தமா இருப்பா, அவ்வளவுதான். எங்க பெரியக்கா கைக்குப் போனாத்தான்…” அவள் முடிக்கவில்லை. “எனக்கும் பெரியக்காவைச் சந்தேகப்பட மனசு வரலீங்க. என் பொண்ணை என்னைவிட அவங்கதான் தூக்கி வளத்தாங்க. ஆனா கண்ணால பாக்கிறேனே.”

“நீ தண்ணிய எப்படிக் காய்ச்சுவ?”

“காலைல எனக்கு ஏது நேரம்? கொதி வந்ததும் இறக்கிடுவேன். பெரியக்காதான் பொறுமையா செய்வாங்க.”

வெளியே வந்ததும் அவசரம் விரல்விட்டு எண்ணினார். “பெரியவ கலந்தா நீலம், தாய் கலந்தா மந்தம். பெட்டியில பொடி. பதினோரு வருஷப் பொறாமை. முடிஞ்சுது, அண்ணி.”

“தாய் கலந்தாலும் மந்தம்னு சொன்னாளே, அது எதனால?”

அவசரம் ஸ்கூட்டரை மூன்று முறை உதைத்தார். அது மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.

எலக்ட்ரீசியனின் தெருவில் ஒன்பது வீடுகள். தெரு முடியும் இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மதில், அதற்கு அப்பால் கல் வெட்டி முடித்த பழைய குவாரிக் குழி. பதினைந்து வருடமாக நகரத்தின் குப்பையெல்லாம் அந்தக் குழிக்குத்தான் வருகிறது. குழி நிறைந்து இப்போது மேடாகிவிட்டது. மதிலின் அடியில் கறுப்பாக ஒரு கசிவு தரையோடு தரையாகப் படர்ந்து, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அக்கா குனிந்து அதைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அவசரம், அக்கா சொன்னபடி, அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் “எப்போதிருந்து இப்படி?” என்று கேட்டார்.

“மழை வந்ததுல இருந்துங்க. ரெண்டரை மாசமா,” என்றாள் அவள். கைகள் இரண்டிலும் சொறிந்து சொறிந்து தடித்திருந்தன.

வீட்டில் மாமியார் வாசலிலேயே எதிர்கொண்டார். கட்டுக்கோப்பான மனுஷி. மகன்களின் தகப்பன் இறந்தபின் தனியாக நின்று வீட்டைக் கட்டியவர். பழி சொல்லிய வாய் என்றாலும், வந்தவர்களை உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் பேசினார். கூடத்து மூலையில் முக்காலிமேல் நீல மூடி போட்ட இருபது லிட்டர் கேன் இருந்தது. பளபளவென்று துடைத்த இரண்டு டம்ளரில் அதிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அக்கா வாங்கி முழுவதையும் குடித்தார்.

“தண்ணி நல்லா இருக்கும்மா.”

“எங்க வீட்டுக்கு வந்தவங்க ஒருத்தரும் தண்ணியக் குறை சொன்னதில்ல,” என்றார் மாமியார். “அவளைத்தானே பாக்க வந்தீங்க? பின்னால இருக்கா. சமையல்கட்டுக்குள்ள விடறதில்ல. நெருப்பில்லாம புகையுமா, நீங்களே சொல்லுங்க.”

“நான் டம்ளரைக் கழுவி வெச்சிட்டு வந்துடறேன்,” என்று அக்கா எழுந்து உள்ளே நடந்தார். “ஐயோ, நீங்க எதுக்கு?” என்று மாமியார் பதறியது பின்னாலேயே வந்தது.

சமையலறை படு சுத்தம். ஆனால் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகக் காரை கட்டியிருந்தது. அக்கா சோப்பை டம்ளரில் தேய்த்தார். எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. டம்ளரைக் கழுவி, அதே குழாயில் ஒரு வாய் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். அடுப்பு மேடையில் குழந்தைக்கென்று தனியாக ஓர் எவர்சில்வர் பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தார். உட்புறம், சரியாகப் பாதி உயரத்தில், ஆணியால் கீறிய ஒரு கோடு.

பெரிய மருமகள் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தையின் துணிகள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கோடு எதுக்கும்மா?” என்று கேட்டார் அக்கா, வேறு எதுவும் கேட்காமல்.

அவள் நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து எல்லோரும் பொடியைப் பற்றியே கேட்டிருந்தார்கள்.

“அது வரைக்கும் வத்தணுங்க. முழுப் பாத்திரம் வெப்பேன். பாதியாகிற வரைக்கும் காய்ச்சுவேன். நல்லாக் காய்ச்சினாத்தானே கிருமி சாகும்? ஆஸ்பத்திரிச் சுவத்துலயே எழுதிப் போட்டிருக்காங்க, காய்ச்சிக் குடிங்கன்னு. பாப்பாவுக்கு முதல் தடவை முடியாம போனதுல இருந்து இன்னும் கூடக் காய்ச்சுறேன்.”

“கேன் தண்ணியில கலக்கலாமேம்மா?”

“அத்தை விட மாட்டாங்க. கேன் தண்ணி எத்தனை நாள் வெயில்ல கெடந்த செத்த தண்ணியோ, அது வர்றவங்க வாய் நனைக்கத்தான், பச்சைக் குழந்தைக்கு அப்பப்போ ஊறுற தண்ணிதான் நல்லதுன்னு சொல்வாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு.”

“பொட்டலத்துல என்ன?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “லெமன் சால்ட். வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பாத்திரத்துல வெள்ளையா படிஞ்சிடும். இதைப் போட்டுக் கொதிக்க வெச்சாத்தான் போகும். பாத்திரம் கறுத்துடும்னு அத்தை திட்டுவாங்க. அதான் ஒளிச்சு வெச்சேன். இப்போ சொன்னா யாரு நம்புவா? சொல்ற வாயே பொய்யிங்கிறாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். “பாப்பா எப்படிங்க இருக்கா? என்னைப் பாக்க விட மாட்டேங்கிறாங்க.”

“முழிச்சு விளையாடுறா,” என்றார் அக்கா.

அந்த மத்தியானம் ஸ்கூட்டர் ஓய்வில்லாமல் ஓடியது. அக்கா முதலில் மற்ற எட்டு வீட்டுக்கும் போய் அந்தந்த வீட்டுத் தண்ணீர் ரிப்போர்ட்டுகளை வாங்கினார். எட்டு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், எட்டு வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள். எட்டு டம்ளர் குடித்த அவசரம் நடக்கும்போது வயிறு குலுங்குவதாகப் புலம்பினார். பிறகு அக்காவின் பழைய பரிசோதனைக்கூடத்துக்குப் போய், எலக்ட்ரீசியன் கொடுத்த பொட்டலத்துப் பொடியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சின்ன டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக, அந்தத் தெருவில் தண்ணீர் எடுத்த அலுவலக ஊழியரைத் தேடிப் போனார்கள். குப்பைக் கிடங்குக்குப் பக்கத்துத் தெருக்களில் வருடத்துக்கு ஒரு தடவை நிலத்தடி நீரைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. பாட்டிலோடு வீடு வீடாகப் போகும் அவரைத் தெருக்காரர்கள் சாம்பிள்காரர் என்பார்கள்.

சாம்பிள்காரர் ஒல்லியான மனிதர், முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். சந்தேகம் என்றதும் முகம் சிவந்துவிட்டது.

“நான் ஏமாத்துறவன் இல்லீங்க. ஒன்பது வீட்டுக்கும் நானே நடந்து போனேன். ஒன்பது பாட்டில்லயும் என் கண் முன்னாலதான் பேர் எழுதி ஒட்டினேன். லேப்ல மாத்தினாங்கன்னு சொன்னா அதுவும் பொய். அவ்வளவு எதுக்கு? அந்தத் தண்ணிய நானே குடிச்சேன்! ஒன்பது வீட்லயும் குடுத்தாங்க, ஒன்பது வீட்லயும் குடிச்சேன். கல்கண்டு மாதிரி இருந்துச்சு.”

“பாட்டில்ல யாருங்க பிடிச்சாங்க?”

“அந்தந்த வீட்டு அம்மாங்கதான். இந்த முழங்காலோட ஒவ்வொரு கொல்லைக்கும் நான் போக முடியுமா? அதுவும் அடுத்தவங்க சமையல்கட்டுக்குள்ள எப்படி நுழையறது? ‘நீங்க குடிக்கிற தண்ணியப் பிடிச்சுக் குடுங்கம்மா’ன்னு சொல்லிட்டுக் கூடத்துல உட்காருவேன்.”

வெளியே வந்ததும் அவசரம் பல்லைக் கடித்தார். “வாய் கூசாம பொய் சொல்றான், அண்ணி. அந்த நாத்தத் தண்ணி கல்கண்டு மாதிரி இருந்துச்சாம்! இவனும் கிடங்குக் காண்ட்ராக்டரும் கூட்டு.”

“அவர் சொன்னதுல ஒரு பொய்யும் இல்ல,” என்றார் அக்கா. “சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. மரியாதையா கூட்டிட்டு வாங்க.”

ஐந்து மணிக்குக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். சின்ன மருமகள் தன் தாயைக் குழந்தையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தம்பி பஸ் சீருடையோடு சுவரில் சாய்ந்து நின்றான். எலக்ட்ரீசியன் மனைவியின் பக்கத்தில் நின்றான். அவளைக் கூடத்துக்குள் விட மாமியாருக்கு மனசில்லை. அக்கா சொன்னதால் பேசாமல் இருந்தார். சாம்பிள்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தம்பிதான் முதலில் பேசினான். “பொடி என்னன்னு சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

“லெமன் சால்ட்,” என்றார் அக்கா. “லேப்ல பார்த்தாச்சு. பாத்திரத்துல படியற உப்பை எடுக்கிறது. இப்போ நான் கேக்கிறேன். கடையில போய் வாங்கித் தேய்க்கிற அளவுக்கு உங்க வீட்டுப் பாத்திரத்துல உப்பு படியுது. குழாய் வாயில காரை கட்டியிருக்கு. சோப்பு நுரைக்க மாட்டேங்குது. ஆனா உங்க தண்ணி ரிப்போர்ட்ல உப்பு எவ்வளவு போட்டிருக்கு தெரியுமா?” தாளை விரித்தார். “நாப்பத்தொண்ணு. இவ்வளவு கம்மியா உப்பிருக்கிற தண்ணி பூமிக்கடியில இந்தப் பக்கத்துல எங்கயும் கிடையாது. குழாயும் பாத்திரமும் ஒண்ணு சொல்லுது, பேப்பர் வேற ஒண்ணு சொல்லுது.”

“அப்போ பேப்பர் பொய்!” என்றார் அவசரம், சாம்பிள்காரரை முறைத்து.

“பேப்பரும் பொய் இல்ல. மத்த எட்டு வீட்டுப் பேப்பரும் இங்க இருக்கு. நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு. ஒரு வீட்ல போர்வெல் எண்பது அடி, ஒரு வீட்ல முந்நூறு அடி. ஆழம் இவ்வளவு மாறும்போது தண்ணி மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்? ஒன்பது பாட்டில்லயும் இருந்தது ஒரே இடத்துத் தண்ணி. அந்த ஒரு தண்ணி ஒன்பது வீட்லயும் இருக்கு. சாம்பிள்காரர் குடிச்சது அதைத்தான். இன்னிக்கு நானும் என் கொழுந்தனாரும் வீட்டுக்கு வீடு குடிச்சதும் அதைத்தான்.”

அவர் எழுந்து போய் மூலையிலிருந்த கேனைத் திருப்பினார். ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார். “கரைந்த உப்பு, நாற்பத்தொன்று.”

அக்கா சமையலறையிலிருந்து மூன்று டம்ளர்களைக் கொண்டுவந்து முக்காலிமேல் வைத்தார். டப்பாவைத் திறந்து, தீக்குச்சி அகலத்துக்கு மூன்று வெள்ளைப் பட்டைகளை எடுத்தார்.

“டாக்டர் சொன்ன உப்பு தண்ணில இருந்தா இந்தப் பட்டை சிவக்கும். இது கேன் தண்ணி.” நனைத்து எடுத்தார். பட்டை வெள்ளையாகவே இருந்தது. “இது உங்க போர் தண்ணி.” ஒரு நிமிடத்தில் பட்டையில் ரோஜா நிறம் ஏறியது. தம்பி சுவரைவிட்டு முன்னால் வந்தான். “இது அதே போர் தண்ணி, கோடு வரைக்கும் வத்தக் காய்ச்சினது. கொஞ்ச நேரம் முன்னாடி உங்க அண்ணன் காய்ச்சிக் குடுத்தார்.” மூன்றாவது பட்டை பீட்ரூட் நிறத்துக்கு இருண்டது.

“காய்ச்சினா கிருமி சாகும்,” என்றார் அக்கா மெதுவாக. “உப்பு சாகாது. தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு அப்படியே நிக்கும். ரெண்டு டம்ளர்ல இருந்த விஷம் ஒரு டம்ளருக்கு வந்துடும். தாய் நேரமில்லாம கொதி வந்ததும் இறக்கினா, அதனால குழந்தை மந்தத்தோட தப்பிச்சுது. பெரியம்மா பாசத்துல பாதியாக் காய்ச்சினா, நீலமாயிடுச்சு. இவ்வளவு சின்னக் குழந்தை ரத்தத்துக்கு அதைத் தாங்கத் தெரியாது. நீங்க பெரியவங்க, உடனே ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தக் குழியில பேட்டரியும் மருந்தும் சாயமும் அழுகுது. மதிலுக்கு அடியில கறுப்பா கசியறது எல்லாம் மழையோட உங்க போருக்குத்தான் இறங்குது. தெருவுல பாதிப் பேர் சொறிஞ்சிக்கிட்டுத் திரியறாங்க. கடைசி வீட்ல ஒரு பொண்ணு மாசமா இருக்கா.”

“ஆனா பாட்டில்ல கேன் தண்ணி எப்படி வந்துச்சு?” என்றான் எலக்ட்ரீசியன். “ஒன்பது வீட்டுக்காரங்களும் பேசி வெச்சிக்கிட்டா செஞ்சாங்க?”

“யாரும் பேசி வெச்சிக்கல.”

அக்கா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மாமியார்தான் வாயைத் திறந்தார்.

“நான்தான் ஊத்தினேன்.”

“அம்மா!”

“வெயில்ல நொண்டிக்கிட்டு வந்தாரு மனுஷன். குடிக்கிற தண்ணி பிடிச்சுக் குடுங்கம்மான்னாரு. குழாயைத் திறந்தேன். அன்னிக்குப் பாத்து மழைக்கு மஞ்சளா வந்துச்சு, ஒரு வாடை வேற. வீட்டுக்கு வந்தவர் கையில இந்தக் கருமத்தையா குடுக்கிறதுன்னு கூசிப் போச்சு. யாரு வந்தாலும் கேன்லதானே பிடிச்சுக் குடுப்போம்? கை தானா அங்க போயிடுச்சு. பாட்டிலையும் நல்லாக் கழுவித்தான் குடுத்தேன்.” அவர் பெரிய மருமகள் பக்கம் திரும்பினார். “ரெண்டாவது தடவை டாக்டர் அந்தப் பேப்பரைப் பாத்துத் தண்ணி சுத்தம்னு சொன்னப்பவே எனக்கு நெனப்பு வந்துச்சு. சொல்லியிருக்கணும். காய்ச்சித்தானே குடுக்கிறோம், அதுல என்ன இருக்கப் போகுதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அதுக்குள்ள இவளை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பேசினதை எப்படித் திரும்ப வாங்கறது?”

சாம்பிள்காரர் எழுந்து நின்றுகொண்டார். “நான் குழாய்க்குப் போயிருக்கணும்,” என்றார். “தண்ணி நல்லா இருக்குன்னு பாராட்டிட்டு வேற வந்தேன்.”

பெரிய மருமகள் இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. மூன்றாவது பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நான்தானே,” என்றாள். “பக்கத்துலயே நின்னு, கோடு வர்ற வரைக்கும் பாத்துப் பாத்துக் காய்ச்சினேன். என் கையாலதானே குடுத்தேன்.” அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. பழி சொன்னபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

சின்ன மருமகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “அக்கா, நானும் அதே தண்ணிதான் குடுத்தேன். சோம்பேறித்தனமா காய்ச்சினதுல தப்பிச்சேன், அவ்வளவுதான். என்னை மன்னிச்சிடுங்க.” தம்பி தலையைக் குனிந்துகொண்டு அண்ணனின் எதிரில் போய் நின்றான். அண்ணன் அவன் தோளில் ஓர் அறை விட்டான். பலமான அறைதான், ஆனாலும் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டான்.

“உங்க மேல குத்தமில்லம்மா,” என்றார் அக்கா பெரிய மருமகளிடம். “எல்லாரும் நல்லதுன்னு சொன்னதைத்தான் எல்லாரையும்விடக் கவனமா செஞ்சீங்க. காலைல நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க. கேன் தண்ணில கலந்து குடுங்க. இனிமே போர் தண்ணி பக்கமே போக வேண்டாம்.”

மறுநாள் பத்தரை மணிக்குக் குழந்தை பெரியம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டே வீடு வந்தது. பதினோரு மணிக்குச் சாம்பிள்காரர் ஒன்பது புதுப் பாட்டிலோடு வந்தார், கூடவே அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர். ரிப்போர்ட் அக்காவும் அவசரமும் வாசலில் நின்றார்கள். பொறியாளர் நல்ல வெயிலில் வந்திருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை.

மாமியார் உள்ளே போய், பளபளவென்று துடைத்த டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். பொறியாளர் வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். வாடை அடித்திருக்க வேண்டும். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது…”

“எங்க வீட்டுத் தண்ணிங்க,” என்றார் மாமியார். “கேன் வாங்க ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுக்கு வந்த ஒருத்தருக்கும் இதைக் குடுத்ததில்ல. எங்க பேத்திக்குத்தான் குடுத்தோம்.”

பொறியாளர் தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல், டம்ளரைக் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார். சாம்பிள்காரர் யாரும் சொல்லாமலேயே ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி கொல்லைக் குழாயை நோக்கி நடந்தார்.

அவர் அதை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் மாமியார் தெருவில் இறங்கியிருந்தார். தலையைக் குனிந்தே பழக்கமில்லாத அந்த மனுஷி, அடுத்த வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“இந்தாம்மா, சாம்பிள்காரர் வர்றாரு. கேனைத் தொடாத. நான் தொட்டுத்தான் எம் பேத்தியைப் பறிகொடுக்கப் பாத்தேன்.”

அப்படியே ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார். கடைசி வீட்டு வாசலில் அந்தக் கர்ப்பிணிப் பெண் கையில் செம்போடு நின்றாள். மாமியார் அந்தச் செம்பை வாங்கி, தண்ணீரைத் தெருவில் கொட்டினார்.